உயிரோடிருக்கும் தம்பிக்கு ஓர் ஒப்பாரி

கோச்கோர், செப்டம்பர் 9

தம்பி தோக்தோசுன்,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். எப்படியும் யார் மூலமாவது உன் காதுக்கு வரும். அவர்கள் சொன்னால் இரண்டு முழம் கூட்டியே சொல்வார்கள். போன சனிக்கிழமை எங்கள் ஊர்க் கலாசார மன்றத்தில் பேய்க் குறும்படங்கள் போட்டார்கள். கடைசிப் படத்தில் குகைக்குள்ளிருந்து பேய் தலையை நீட்டியதும், ஐம்பத்தோரு வயதானவளும், பத்திரிகையில் பெயர் வருகிறவளும், அடுத்த மாதக் கடைசியில் மாமியாராகப் போகிறவளுமான உன் அக்கா, அலறிக்கொண்டு பக்கத்து நாற்காலிக்காரர் மடியில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து நாற்காலிக்காரர் எங்கள் மாட்டு டாக்டர். அவர் பதறவில்லை. சினைமாட்டைத் தட்டுவதுபோல என் முதுகைத் தட்டி, "ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்ல, மூச்ச நல்லா இழுத்து விடுங்க" என்றார்.

இதோடு போயிருந்தால் நானே அடுத்த வாரம் பத்திரிகையில் என் 'புளித்த கிமிஸ்' பகுதியில், அந்தக் குதிரைப்பால் புளிப்போடு எழுதி நாலு பேரைச் சிரிக்க வைத்திருப்பேன். ஆனால் டாக்டர் மடியில் உட்கார்ந்தபடியே விரல் இடுக்கு வழியாகத் திரையைப் பார்த்தேன். லாந்தர் வெளிச்சத்தில் பேயின் முகம் பெரிதாக வந்து நின்றது. அந்த மூக்கு. அந்தத் தாடை. ஊதா முக்காடு. மன்றமே மூச்சடக்கிக் கிடந்த நேரத்தில் பின்வரிசையிலிருந்து என் பக்கத்துவீட்டு மைரம்கான் குரல் கேட்டது: "அடியே பூபூசாரா! அது நீதானடி!"

நான் என்னைப் பார்த்துப் பயந்து அலறியிருக்கிறேன். இதற்குமேல் ஒரு பெண்பிள்ளைக்கு என்ன வேண்டும்?

இயக்குநர் பெயர் 'காராகுஷ்' என்று போட்டிருந்தது. ஊர்ஜனங்கள் யாரோ பெரிய ஆள் என்று நினைத்துக்கொண்டார்கள். நம் வீட்டில் செத்துப்போன நாயின் பெயர் காராகுஷ் என்பது இந்த உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருத்தி அப்போது மாட்டு டாக்டர் மடியில் இருந்தாள். நீ வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்துக்குத் தெரியாமல் பேய்ப்படம் எடுக்கிறாய் என்று எனக்குத் தெரியும். என்னையே பேயாகப் போட்டு எடுப்பாய் என்று தெரியாது.

எப்படி எடுத்தாய் என்பதையும் கண்டுபிடித்துவிட்டேன். ஏப்ரலில் பல்வலியோடு உன் வீட்டுக்கு வந்தேன் அல்லவா? கன்னம் தர்பூசணியாக வீங்கி, முக்காட்டால் தாடையைக் கட்டிக்கொண்டு, உன் சோபாவில் மூன்று நாள் முனகிக்கொண்டு கிடந்தேன். நீ போனைக் காதில் வைத்துக்கொண்டு அங்குமிங்கும் நடந்தாய். "ஸ்கூல்ல கூப்பிடறாங்க அக்கா" என்றாய். ஸ்கூலா கூப்பிட்டது? படுபாவி!

படத்தைப் பற்றிக் கேட்காதே. கேட்டால் நன்றாக இருந்தது என்று சொல்ல வேண்டிவரும். பனியில் பீட்ரூட் சாற்றை ஊற்றி ரத்தமாக்கியிருந்தது ரொம்ப அழகு. செம்பு நகங்களைப் பழைய கெண்டியை வெட்டித்தானே செய்தாய்? விரலை மடக்கும்போது ஒரு நகம் கழன்று விழுந்தது. அதை வெட்டாமல் விட்டிருந்தாய் பார், அங்கே கைதட்டினேன். முந்தின படத்தில் வௌவாலுக்குக் கட்டின நூல் பளிச்சென்று தெரிந்தது. மன்றமே அந்த நூலுக்குக் கைதட்டியது. நூல் தெரிந்தால்தான் எனக்கும் பிடிக்கும். யாரோ ஒரு பைத்தியம் பொழுதுபோக்குக்காக அந்த நூலைப் பிடித்துக்கொண்டு மேலே குந்தியிருக்கிறது என்று தெரிகிறதே, அந்தச் சந்தோஷம் பெரிய படங்களில் கிடைக்குமா?

ஆனால் இது வேறு. அக்டோபர் ஐந்தாம் தேதி இதே படங்கள் தலாஸில் ஓடப்போகின்றன. தலாஸில் யார் இருக்கிறார்கள்? என் சம்பந்தியம்மாள் ஸீனாகுல் இருக்கிறாள். அவள் ஊர் மன்றத்தில் பொம்மலாட்டம் போட்டால்கூட முதல் வரிசையில் உட்காருகிறவள். அந்த மாதக் கடைசியில் அவள் பெண் பெர்மெத் என் வீட்டுக்கு மருமகளாக வரவேண்டும். குழந்தையின் ஈரலைக் கிள்ளித் தின்கிற முகத்தை முதல் வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, அதே முகத்தின் வீட்டுக்கு எந்தத் தாய் பெண்ணை அனுப்புவாள்?

தலாஸுக்குப் போகிற படத் தொகுப்பிலிருந்து உன் படத்தை எடுத்துவிடு. அவ்வளவுதான் கேட்கிறேன். போனில் சொன்னால் சிரிக்கிற பொம்மை அனுப்புவாய் என்பதால் உன் எண்ணை அடைத்துவிட்டேன். பதிலை பிஷ்கெக் வேன் டிரைவரிடம் கொடுத்தனுப்பு.

உன் அக்கா
பூபூசாரா


பிஷ்கெக், செப்டம்பர் 14

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. வேன் டிரைவர் அதைக் கொடுக்கும்போது என் மூக்கையே உற்றுப் பார்த்தார். உறையை நன்றாக ஒட்டவும்.

தங்கள் கோரிக்கையை நிதானமாகப் பரிசீலித்தேன். படத்தை எடுக்க இயலாது. 'செம்புநகக்காரி' தலாஸில் ஓடினால்தான் அக்டோபரில் இங்கே நடக்கும் பயங்கரக் குறும்பட விழாவின் போட்டியில் சேரும், அது விதி. 'சிறந்த பேய்முகம்' பரிசுக்கு நம் படத்தின் பெயர் அடிபடுகிறது. பரிசு, இரண்டு கொம்பு தைத்த வெள்ளைக் கம்பளத் தொப்பி. என் வாழ்க்கையில் யாரும் எனக்குத் தொப்பி கொடுத்ததில்லை. பள்ளியில் சுவர்க்கடிகாரம்தான் கொடுக்கிறார்கள்.

திரையில் இருப்பது யார் முகம், எப்படி வந்தது என்பதெல்லாம் கலைஞனின் உரிமை. அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

ஆனால் வேறு ஒன்று சொல்வதற்கு இருக்கிறது. தாங்கள் 'புளித்த கிமிஸ்' எழுதத் தொடங்கிய நாளிலிருந்து அதில் 'என் பிஷ்கெக் தம்பி' என்று ஒரு ஆசாமி வருகிறான். அவன் வழுக்கையை மறைக்க இடதுகாதுப் பக்கத்து முடியை வலதுகாதுவரை சீவுகிறான். கார் ஓட்டும் பரீட்சையில் தேர்வாளர் காலின்மேல் வண்டியை ஏற்றுகிறான். அவன் மனைவி செய்கிற மாந்தி கொழுக்கட்டையைத் தெருநாய் முகர்ந்துவிட்டுப் போகிறது. இதற்கெல்லாம் என்னிடம் அனுமதி கேட்டீர்களா? என் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் தங்கள் பத்திரிகையை வாங்குகிறார்கள். போன வருடக் கூட்டத்தில் ஒரு தகப்பன் எழுந்து, "சார், அந்த ஆளு கால் இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டான். நான் துணைத் தலைமையாசிரியர், அக்கா. என் மனைவி அன்றிலிருந்து மாந்தி செய்வதை விட்டுவிட்டாள். எனக்கு மாந்தி பிடிக்கும்.

என் முகத்தை ஊர் முழுக்க விற்றுத் தின்றவர், தம் முகம் பதினாலு நிமிடம் திரையில் வந்ததற்குக் கூச்சல் போடுவது நியாயமாகப் படவில்லை. சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கங்கள். அவர் படத்தை ரசிப்பார் என்று நம்புகிறேன்.

தங்கள் தம்பி
தோக்தோசுன்


கோச்கோர், செப்டம்பர் 19

அன்புள்ள கலைஞன் அவர்களே,

கலைஞனின் உரிமை என்ற சொல் எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. இரண்டு நாளாக அதையே மென்றுகொண்டிருக்கிறேன். ஆகையால் நானும் கலைஞி ஆகிவிட்டேன். குறும்படம் எடுக்கிறேன்.

ஒளிப்பதிவு மாட்டு டாக்டர். மடியில் உட்கார்ந்த தோஷத்துக்கு அவரால் மறுக்க முடியவில்லை. உதவி இயக்கம், ஒப்பனை, தேநீர் எல்லாம் மைரம்கான். கூடாரம் அவள் கொழுந்தனுடையது. நேற்று காலையில் முதல் காட்சி எடுத்தோம். டாக்டர் போனை என் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நகரவே இல்லை.

"என்ன டாக்டர், கேமரா அசையவே மாட்டேங்குது?"

"அசைஞ்சா மாடு மிரளும்மா. பழக்கம்."

"நான் மாடா?"

"சும்மா சொன்னேன். நீங்க மிரளாம அழுங்க."

கதை என்னவென்று கேட்காதே. பேய்ப்படம்தான்; முடிவில் ரப்பர் கை ஒன்று கம்பளத்தைக் கிழித்துக்கொண்டு வரும். டாக்டர் கன்று இழுக்கப் பயன்படுத்துகிற நீளக் கையுறைக்குள் பஞ்சு அடைத்துச் செய்தோம். சுண்டுவிரலில் பஞ்சு போகவில்லை, மடங்கித் தொங்குகிறது. பார்த்தால் நீ பொறாமையில் வெந்து போவாய்.

ஞாபகம் இருக்கிறதா? பேருந்து நிலையத்துக்குப் பின்னால் அந்த வீடியோ கொட்டகை. எல்லாப் பாத்திரத்துக்கும் ஒரே ஆள் மூக்கடைத்த குரலில் பேசுவான்; அழகியும் பேயும் போலீசும் ஒரே ஜலதோஷத்தில் பேசுவார்கள். நீ படம் முழுக்க என் சட்டைக் கைக்குள் மூஞ்சியை வைத்துக்கொண்டு, வெளியே வந்ததும் பையன்களிடம் கதை அளப்பாய். அந்தச் சட்டையின் கையை இப்போது உதறுகிறேன்.

இன்னும் நேரம் இருக்கிறது. தலாஸிலிருந்து படத்தை எடுத்துவிட்டேன் என்று ஒரு வரி எழுது. நானும் என் படத்தை டாக்டர் போனிலேயே புதைத்துவிடுகிறேன். எழுதாவிட்டால் நீ இருக்கிற ஊரில் உன் சொந்தக்காரர்கள் உன்னைத் தேடி வருவார்கள். அவ்வளவுதான் சொல்வேன்.

கலைஞி பூபூசாரா


பிஷ்கெக், செப்டம்பர் 28

அக்கா!

மதிப்பிற்குரிய என்பதையெல்லாம் இந்தத் தடவை எழுதவில்லை. நான் செத்துப்போனவன். செத்தவனுக்கு மரியாதை எல்லாம் எதற்கு?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பனியனோடு உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருந்தேன். மாடிப்படியில் கூட்டமாகக் காலடிச் சத்தம். பிறகு அத்பாஷியிலிருந்து வந்த நம் அப்தில்தா பெரியப்பாவின் குரல், நாலு மாடிக்கும் எதிரொலித்தது: "ஐயோ, என் ஈரக்குலையே! என் ஈரக்குலையே! எங்கள விட்டுட்டுப் போயிட்டியேடா!" அவருக்குப் பின்னால் பங்காளிகள் அத்தனை பேரும், இடுப்பில் கச்சை கட்டி, கைத்தடியை ஊன்றி, அதே ராகத்தில். எந்த வீட்டிலோ பாவம் யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்து, நானும் துக்கத்தில் கலந்துகொள்ளக் கதவைத் திறந்தேன்.

பெரியப்பா என்னைப் பார்த்தார். அழுகை நிற்கவில்லை.

"பெரியப்பா, நான்தான். உயிரோட இருக்கேன்."

"குறுக்க பேசாதடா!" என்று அதட்டிவிட்டு, மிச்சத்தையும் அழுது முடித்தார். ஆரம்பித்த அழுகையைப் பாதியில் விடக்கூடாதாம். முடித்த பிறகுதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "நில்லுங்கிற அர்த்தத்துலதான் தோக்தோசுன்னு பேரு வச்சோம்டா உனக்கு. சாகாம நில்லுன்னு. நின்னிருக்க. சரி. உங்க அக்கா ஏன் அப்படி அழுதா?"

தங்கள் படத்தை அவர் போனில் காட்டினார். கம்பளக் கூடாரம். துக்க வீட்டுப் பெண்கள்போலச் சுவரைப் பார்த்து உட்கார்ந்த தங்கள் முதுகு. பக்கத்தில் என் பள்ளிப் புகைப்படம். அப்புறம் அந்த ஒப்பாரி.

"வெள்ளக் கம்பளத் தொப்பி இருக்குதே, அதுக்குள்ள
விளைஞ்ச வழுக்கத் தலை எங்க?
சுடச்சுட மாந்தி ஆறிப்போகுதே, அத
சுத்தமாத் தொடச்ச வாய் எங்க?"

ரப்பர் கை எங்கே அக்கா? ரப்பர் கை இரண்டாவது துண்டில் இருக்கிறதாம். டாக்டரின் போன் முழுப் படத்தையும் ஒரே தடவையில் அனுப்பாததால் இரண்டாக நறுக்கிச் சொந்தக்காரர்களுக்கு அனுப்பியிருக்கிறார். முதல் துண்டைப் பார்த்தவர்கள் யாரும் இரண்டாவதைத் திறக்கவில்லை. கூடப்பிறந்தவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைத்தால் நம் ஜனங்கள் 'அடுத்த பாகம் இருக்கிறதா' என்றா பார்ப்பார்கள்? தடியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். கிளம்புமுன் எனக்காகக் குதிரையும் வெட்டிவிட்டார்கள். இளம் குதிரை. இறைச்சியை மூட்டையாகக் காரில் கொண்டுவந்திருந்தார்கள்.

என் வீட்டிலேயே என் மனைவி அதை வேகவைத்தாள். பெரியப்பா வயசு வரிசைப்படி எலும்பைப் பங்கு வைத்தார். எல்லாருக்கும் வந்தது. என் கைக்கு வரவில்லை.

"பெரியப்பா, எனக்கு?"

"உனக்காக வெட்டினது. அத நீயே தின்னா நல்லாவாடா இருக்கும்?"

கூடத்து மூலையில் உட்கார்ந்து ரொட்டியும் தேநீரும் சாப்பிட்டேன். அவர்கள் என் இறைச்சியைத் தின்றுகொண்டு என் நல்ல குணங்களைப் பேசிக்கொண்டார்கள். சீக்கிரமே பேச்சு உருளைக்கிழங்கு விலைக்குப் போய்விட்டது.

திங்கட்கிழமை பள்ளிக்குப் போனேன். யாரோ முதல் துண்டை அங்கேயும் அனுப்பியிருந்தார்கள். நடைக்கூடத்தில் என் படம், முன்னால், செத்தவர்களுக்கு வைப்பதுபோல இரட்டைப்படையில் கார்னேஷன் பூக்கள். படத்துக்குக் கீழே தலைமையாசிரியை கைப்பட எழுதியிருந்தது ஒரே வரி: 'அவர் ஒருநாளும் தாமதமாக வந்ததில்லை.' இத்தனை வருட வேலைக்கு இந்த ஒரு வரி. என் நாற்காலியில் வேதியியல் வாத்தியார் உட்கார்ந்து உயரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். ஆனால் எழுந்த விதத்தில் ஏமாற்றம் தெரிந்தது.

எனவே கேளுங்கள். தலாஸில் படம் ஓடும். ஓடுவதற்கு முன் நானே மேடை ஏறுவேன். செம்புநகக்காரியாக வரும் முகம் கோச்கோர் பூபூசாராவுடையது, இந்த ஊர் ஸீனாகுலின் சம்பந்தி, கல்யாணம் மாதக் கடைசியில், அனைவரும் வருக என்று ஒலிபெருக்கியில் சொல்வேன். செத்தவனுக்கு இனி என்ன பயம்?

தோக்தோசுன்
(காலஞ்சென்ற)


கோச்கோர், அக்டோபர் 2

தம்பி,

குதிரை விஷயத்துக்கு வருத்தம். குதிரை நல்ல குதிரை என்று கேள்விப்பட்டேன். மற்ற எதற்கும் வருத்தம் இல்லை.

இங்கே எனக்கு மட்டும் என்ன, விருந்தா நடக்கிறது? தெருப் பெண்டுகள் திரண்டு வந்து திட்டிவிட்டுப் போனார்கள். "உசுரோட இருக்கறவனுக்கு அழுத வாய வெந்நீர்ல கழுவு" என்றாள் ஒருத்தி. மைரம்கான் நிஜமாகவே வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள். டாக்டர் மாட்டுக் கொட்டகைகளில் ஒளிந்து திரிகிறார்.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன், பழி வாங்குவதில் இதுவும் சேர்த்திதான் என்று வைத்துக்கொள். வழுக்கை, மாந்தி என்று உன் மானத்தை வாங்குகிற அடிகள் எல்லாவற்றையும் நான் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் பாடினேன். முதுகு குலுங்கியது சிரிப்பில். அதைத்தான் பெரியப்பா விம்மல் என்று நினைத்தார். ஆனால் 'சட்டக் கைக்குள்ள மூஞ்ச வச்சவனே' என்ற அடி வந்ததும் முக்காட்டில் முகத்தைப் புதைத்துவிட்டேன். அந்த அடியை நான் யோசித்து எழுதவில்லை, தானாக வந்தது. டாக்டர், "போதும்மா, மாடு அழுதா பால் வத்திரும்" என்று போனை அணைத்தார். அந்த இடத்தில்தான் முதல் துண்டு முடிகிறது. உன்னை நினைத்து நான் நிஜமாக அழுத ஒரே இடம் அதுதான்; அதைப் பார்த்துத்தான் அத்பாஷியில் குதிரையை வெட்டினார்கள். போலி அழுகைக்கு அவர்கள் கோழிகூட வெட்டியிருக்க மாட்டார்கள்.

சரி, மேடை ஏறுவேன் என்கிறாய். ஏறு. நானும் தலாஸுக்கு வருகிறேன். சம்பந்தியம்மாள் பக்கத்திலேயே டிக்கெட் சொல்லிவிட்டேன். பெரிய குடுவை நிறையச் சூடான தேநீர் கொண்டுவருவேன். அந்த முகம் திரையில் வரும்போது அவள் மடியில் கவிழ்ப்பதா, உன் தலையில் கவிழ்ப்பதா என்பதை அங்கே வந்து முடிவு செய்கிறேன். நீ ஒலிபெருக்கியைத் தொட்டாயானால், எழுந்து நின்று ஒப்பாரியின் மிச்சத்தைப் பாடுவேன். உன் முதல் காதல், நீ அவளுக்கு எழுதிய கவிதை, அந்தக் கவிதையில் நீ அவளை ஆட்டுக்கு ஒப்பிட்டது, எல்லாம் அதில் இருக்கிறது.

என் மகன் எர்மெக் பெர்மெத்தைத் தவிர வேறு யாரையும் கட்டமாட்டேன் என்கிறான். அதையும் நினைத்துக்கொண்டு மேடை ஏறு.

பூபூசாரா


கோச்கோர், அக்டோபர் 9

ஏய் காராகுஷ்,

நீ கடைசி வரிசையில் காது மறைய தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். மேடைப் படிக்கட்டுவரை வந்ததையும் பார்த்தேன். அங்கேயே நின்று திரும்பிப் போனாயே, ஏன்? பயமா? ஆட்டுக் கவிதையா?

நீ பாதியில் போய்விட்டதால் மீதியைச் சொல்கிறேன், வயிறு எரிய.

குகை வந்தது. லாந்தர் வந்தது. நான் குடுவையின் மூடியைத் திருகித் தயாராக வைத்துக்கொண்டேன். முகம் வந்தது. ஸீனாகுல் அலறிய அலறலில் தலாஸில் அன்றைக்குப் பால் திரிந்திருக்கும். என் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்தாள். திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள்.

"சம்பந்தியம்மா… அது நீங்களா?"

கல்யாணம் முடிந்தது என்று நினைத்தேன். தலையை மட்டும் ஆட்டினேன்.

"அடேயப்பா! எங்க நாத்தனா பல்லில்லாம சும்மா உக்காந்திருந்தாலே பயமா இருக்கும், அது வேற. நீங்க இப்படி மூக்கும் முழியுமா இருந்துக்கிட்டு இந்தப் பயம் காட்டுறீங்களே! இது நடிப்பு! ஏங்க, எல்லாரும் இங்க பாருங்க, எங்க சம்பந்தி!"

விளக்குப் போட்டார்கள். என்னைத் தரதரவென்று மேடைக்கு இழுத்துப் போனாள். தலாஸ் எழுந்து நின்று கைதட்டியது. எனக்கு யாராவது கைதட்டினால் வாய் நிற்காது, உனக்குத் தெரியும். இந்த வேஷத்துக்காக மூன்று வாரம் தலை சீவவில்லை என்றேன். பனியில் வெறுங்காலோடு நின்றேன் என்றேன். பச்சை ஈரலைக் கடித்துப் பழகினேன் என்றதும் ஒரு பெண் மயங்கினாள். ஸீனாகுல் என் கையை எடுத்து முத்தமிட்டாள். கல்யாண விருந்தில் செம்புநகத்தோடு வந்து மாப்பிள்ளைத் தோழர்களைத் துரத்த வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். ஒப்புக்கொண்டேன். இந்த வாரப் பத்திரிகையில் 'நான் செம்புநகக்காரி ஆன கதை' முழுப் பக்கம். நீ வாங்கி வைத்துக்கொள்.

ஆகவே பழைய வழக்கு முடிந்தது. புது வழக்கு தொடங்குகிறது. இவ்வளவு பெரிய நடிகையின் பெயரை எழுத்தில் போடாமல் மறைத்திருக்கிறாய்! பீட்ரூட் வாங்கிக் கொடுத்தவன் பெயர்கூட வருகிறது, என் பெயர் இல்லை. விழாவுக்கு முன் என் பெயரைப் பெரிய எழுத்தில் போடு. பரிசு கிடைத்தால் கொம்புத் தொப்பி எனக்கு. வாங்கிக்கொண்டு மேடையில் நின்று, காராகுஷ் என்பவர் இன்ன பள்ளியின் துணைத் தலைமையாசிரியர் என்று ஊருக்கே அறிவிப்பேன். வேதியியல் வாத்தியார் உன் நாற்காலியை மறுபடி சரிசெய்துகொள்ளட்டும்.

வெற்றிபெற்ற அக்கா
பூபூசாரா


பிஷ்கெக், அக்டோபர் 15

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

தங்கள் கட்டுரையைப் படித்தேன். இரண்டு பிரதி வாங்கினேன். வெறுங்காலோடு பனியில் நின்ற பத்தி மிகவும் உருக்கமாக இருந்தது.

தங்கள் பெயரைப் படத்தில் போட்டாகிவிட்டது. பெரிய எழுத்து, என் பெயரைவிடப் பெரிது. நேற்று நடுவர்கள் கூடிப் பேசி முடித்துவிட்டார்கள். 'சிறந்த பேய்முகம்' பரிசு தங்களுக்குத்தான். வரும் சனிக்கிழமை நேரில் வந்து பெற்றுக்கொள்ள வேண்டும். செம்புநகக்காரி குகையிலிருந்து வரும்போது சிரிக்கிற அந்தச் சிரிப்பை மேடையில் ஒருமுறை சிரித்துக் காட்டும்படி கேட்டிருக்கிறார்கள். இப்போதிருந்தே பழகவும். முதலில் மூக்கால், பிறகு அடிவயிற்றால், எளிதில் வராது.

காராகுஷ் யார் என்பதையும் தாராளமாக அறிவியுங்கள். பள்ளியில் ஒருமுறை செத்துப் பார்த்துவிட்டேன். அதற்குமேல் அவர்கள் என்ன செய்வார்கள்? நான் மறைக்க நினைத்தது இயக்குநர் பெயரை அல்ல, வேறு ஒன்றை. அதைத் தங்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

தலாஸில் மேடைப் படிக்கட்டுவரை வந்தது அதைச் சொல்லித் தங்களை மடக்கத்தான். திரும்பிப் பார்த்தால் சம்பந்தியம்மாள் தங்கள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். இப்போது சொன்னால் ஒரு நிமிடக் கூத்தோடு முடிந்துவிடும், கொஞ்சம் பொறுத்துச் சொன்னால் ஆயுளுக்கும் நிற்கும் என்று தோன்றியது. பொறுத்தேன். தாங்கள் தலாஸ் முழுக்கச் சொன்னீர்கள், பத்திரிகையில் முழுப் பக்கம் எழுதினீர்கள், சம்பந்தி வீட்டு விருந்தில் நகத்தோடு ஓட ஒப்புக்கொண்டீர்கள். இப்போது போதும்.

தங்களுக்குப் பல்வலி வந்தது ஏப்ரலில். நாங்கள் படம் எடுத்தது பிப்ரவரியில். ஏப்ரலில் என்னை நிஜமாகவே ஸ்கூலில்தான் கூப்பிட்டார்கள்.

பேசிவைத்த நடிகை அன்றைக்குக் காலையில் மலை ஏற மறுத்துவிட்டாள். தாங்கள் புத்தாண்டுக்கு வந்தபோது விட்டுப்போன முக்காடு காரில் கிடந்தது. நம் இரண்டு பேருக்கும் அப்பாவின் மூக்கு. அந்த முகம் என்னுடையது. மீசையை எடுத்தது அதற்காகத்தான். பள்ளியில் தோல் வைத்தியர் எடுக்கச் சொன்னதாகச் சொல்லியிருந்தேன்.

தங்கள் தம்பி
தோக்தோசுன்